ஐந்து டாலர் டிக்கெட்

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளன்று பேசியதை மலருக்காக எழுதித் தரச் சொன்னார்கள். மேடைப் பேச்சின் வாடை அங்கங்கே இருக்கும், பொறுத்துக் கொள்ளவும்.)



செயலாளர் போன் செய்து, "எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க சார், இருபது நிமிஷம்" என்றார். நான் வணிகவியல் படித்தவன். பிழைப்புக்குக் கணக்குத் தணிக்கை. வருமான வரி பற்றித்தான் பேசப் போகிறேன் என்று நினைத்துச் சிலர் பின்வரிசையில் சாய்ந்து உட்கார வசதி பண்ணிக் கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிகிறது. கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். நான் பேசப் போவது ஒரு ராக் இசைக்குழுவைப் பற்றி. பெயர் ஃபுகாஸி. ஊர் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன்.

இசை பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. ஸ்வரம் தெரியாது, கிடாரில் எத்தனை கம்பி என்று கேட்டால் எண்ணிப் பார்த்துத்தான் சொல்வேன். ஆனால் 1990-களில் சில வருஷம் வாஷிங்டன் பக்கம் வேலை பார்த்தேன். அங்கே கூடத் தங்கியிருந்த ஒருவர் இந்தக் குழுவின் பரம ரசிகர். அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பாட்டை விட அதன் பின்னால் இருந்த வரவு செலவில்தான் ருசி ஏற்பட்டது. இப்படியும் ஒரு தொழிலை நடத்த முடியுமா என்று அன்றைக்கு எழுந்த ஆச்சரியம் இன்றுவரை போகவில்லை.

கதை ஃபுகாஸிக்கு முன்பே, 1980-ல் தொடங்குகிறது. டீன் ஐடில்ஸ் என்று ஒரு குழு. எல்லாம் பள்ளிக்கூடப் பையன்கள். அவர்களில் ஒருவர் இயன் மெக்கே, வயது பதினெட்டு. ஒரு வருஷம் அங்கே இங்கே வாசித்தார்கள். பிறகு குழு கலைந்தது. நிகழ்ச்சிகளில் கிடைத்ததை யாரும் செலவு செய்யாமல் சேர்த்து வைத்திருந்தார்கள், சில நூறு டாலர். ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொண்டு போவதா, இல்லை நம் பாட்டை ஓர் இசைத்தட்டாகப் போட்டு ஞாபகத்துக்கு வைத்துக் கொள்வதா என்று பேச்சு வந்தது. தட்டு போடுவோம் என்று முடிவு. எந்தக் கம்பெனி போடும்? ஒருவரும் போட மாட்டார்கள். சரி, நாமே கம்பெனி என்று ஆரம்பித்தார்கள். பெயர் டிஸ்கார்ட். எட்டுப் பாட்டு, ஆயிரம் பிரதி. உறை எப்படிச் செய்வது என்று தெரியாததால் கடையில் விற்ற ஒரு தட்டின் உறையைப் பசை விட்டுப் பிரித்து, அளவு எடுத்து, அதே மாதிரி வெட்டி மடித்து ஒட்டினார்கள். நம்ம ஊரில் தீபாவளிக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து ஸ்வீட் பெட்டி மடிப்பார்களே, அந்த மாதிரி.

அந்தத் தட்டு விற்ற பணம் அடுத்த குழுவின் தட்டுக்கு. அது விற்றது அதற்கடுத்த குழுவுக்கு. வாஷிங்டன் பகுதிக் குழுக்களை மட்டும்தான் வெளியிடுவது என்று ஒரு வரம்பு. எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. லாபம் வந்தால் பங்கு. கணக்குத் தணிக்கைக்காரன் என்ற முறையில் இந்த "எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது" என்பதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் டிஸ்கார்ட் இன்றும் நடக்கிறது. ஒப்பந்தம் போட்ட எத்தனையோ பெரிய கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கிக் காணாமல் போயிருக்கின்றன.

இனி ஃபுகாஸி. 1987 செப்டம்பர் 3-ம் தேதி முதல் நிகழ்ச்சி. இயன் மெக்கே கிடாரும் பாட்டும், ஜோ லாலி பேஸ் கிடார், பிரெண்டன் கேன்டி டிரம்ஸ். கொஞ்ச நாளில் கீ பிச்சோட்டோ வந்து சேர்ந்து, அவரும் பாடினார், பிறகு கிடாரும் எடுத்தார். கடைசி வரை இந்த நால்வர்தான், ஆள் மாறவே இல்லை. பதினைந்து வருஷம் நான்கு பேர் ஒரே வேனில் ஊர் ஊராகப் போய் வந்து, கணக்கு வழக்கில் தகராறு இல்லாமல் இருந்தார்கள் என்பதே பெரிய விஷயம். நாலு பங்குதாரர் வைத்துக் கடை நடத்திப் பார்த்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பாட்டு எப்படிக் கட்டினார்கள்? ஆரம்பத்தில் இயன் கொண்டு வந்த பாட்டுகள் அதிகம். போகப் போக நால்வரும் ஒத்திகையில் சேர்ந்து வாசித்து, அதை டேப்பில் பதிந்து வைத்து, திரும்பக் கேட்டு, எந்தத் துண்டு நன்றாக இருக்கிறதோ அதை எடுத்து இன்னொன்றோடு ஒட்டிப் பார்ப்பது என்று ஆகிவிட்டது. பேஸ் கிடாரின் ஒரு வரியில் பாட்டு பிறக்கும். வார்த்தை கடைசியில் வரும். பாட்டுக்கு உரிமை நால்வர் பேரிலும். "இது உன் பாட்டு, இது என் பாட்டு" என்ற பேச்சே இல்லாததால் ராயல்டியில் யாருக்கு எவ்வளவு என்ற சண்டைக்கும் இடமில்லாமல் போயிற்று. உலகத்தில் முக்கால்வாசி இசைக்குழுக்கள் உடைவது அந்த ஒரு வரியில்தான்.

இன்னொன்று. மேடையில் இன்ன வரிசையில் இன்ன பாட்டு என்று பட்டியல் எழுதி வைத்துக் கொள்ள மாட்டார்கள். ஒருவர் ஏதோ ஒரு பாட்டின் முதல் நாதத்தைத் தொடுவார், மற்ற மூவரும் பிடித்துக் கொள்வார்கள். நம்ம நாதஸ்வரக்காரர் எடுத்ததும் தவில் பிடிப்பதில்லையா, அப்படி. இதற்குத் தங்கள் எல்லாப் பாட்டும் எந்த நிமிஷமும் விரல் நுனியில் இருக்க வேண்டும். எவ்வளவு ஒத்திகை பார்த்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். டிக்கெட் விலை ஐந்து டாலர். எந்த ஊரானாலும், கூட்டம் நூறானாலும் இரண்டாயிரமானாலும் பெரும்பாலும் ஐந்து. பின்னாளில் சில இடங்களில் ஆறு, ஏழு. அதே காலத்தில் பெரிய குழுக்களுக்கு அதைப் போலப் பல மடங்கு. இதில் என்ன தியாகம் என்று கேட்பீர்கள். தியாகம் இல்லை, கணக்கு. ஆயிரம் பேர் வந்தால் ஐயாயிரம் டாலர். வழக்கமாக அதில் மேனேஜருக்கு நூற்றுக்குப் பதினைந்து இருபது போகும், நிகழ்ச்சி பிடித்துத் தரும் ஏஜண்டுக்குப் பத்து, அப்புறம் வக்கீல், ஹோட்டல், பஸ், மேடை விளக்கு, பளபளப்பு. இவர்களுக்கு மேனேஜர் இல்லை. ஏஜண்ட் இல்லை. இயன் மெக்கே வீட்டில் உட்கார்ந்து தானே போன் போட்டு ஊர் ஊராக ஏற்பாடு செய்வார். பயணம் வேனில், படுக்கை பல நாள் தெரிந்தவர் வீட்டுத் தரையில். செலவைக் கீழே கொண்டு வந்துவிட்டால் விலையைக் கீழே வைக்கலாம். விலை கீழே இருந்தால் புதுசாக ஒருவன், "அஞ்சு டாலர்தானே, போய்ப் பார்ப்போம்" என்று வருவான். விளம்பரச் செலவு அதிலேயே அடங்கிப் போகிறது. இதை எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித் தரவில்லை. (முன்வரிசையில் இருக்கும் என் விலை நிர்ணயப் பேராசிரியர் மன்னிக்க வேண்டும்.)

வயது வரம்பும் கிடையாது. இது நமக்குச் சட்டென்று விளங்காது. அமெரிக்காவில் ராக் நிகழ்ச்சி நடக்கும் இடங்கள் மதுக் கடைகளின் பின்கட்டு மாதிரி. வருமானமே குடியில்தான். இருபத்தொரு வயதுக்குக் கீழே உள்ள பையன் உள்ளே வந்தால் அவர்களுக்கு நஷ்டம். அந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் பாட்டு வேண்டும்! அதனால் இவர்கள் மாதா கோயில் மண்டபம், பள்ளி விளையாட்டுக் கூடம், சமுதாயக் கூடம் என்று தேடிப் பிடித்து வாசித்தார்கள். மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும், ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான், தென் அமெரிக்கா வரைக்கும். 1990 டிசம்பர் 26 அன்று வாஷிங்டனுக்கு அருகே லார்ட்டன் சிறைச்சாலையில் கைதிகளுக்கு முன்னால் வாசித்தார்கள்.

சொந்த ஊரில் இவர்கள் காசு வாங்கியதே இல்லை. வாஷிங்டனில் நடந்தால் ஒன்று இலவசம், இல்லாவிட்டால் வசூல் முழுக்க வீடற்றவர்கள் விடுதி, இலவச மருத்துவமனை என்று ஏதாவது ஒன்றுக்குப் போய்விடும். பாசிட்டிவ் ஃபோர்ஸ் என்ற இளைஞர் அமைப்பு அவற்றை ஏற்பாடு செய்யும். 1991 ஜனவரி 12-ம் தேதி, வளைகுடாப் போர் தொடங்க ஐந்தே நாள் இருக்கையில், வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் பூங்காவில் குளிரில் வாசித்தார்கள்.

நான் பார்த்தது ஃபோர்ட் ரீனோ பூங்காவில், ஒரு கோடை மாலை. இலவசம். புல்தரையில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். நாய்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள். நம்ம ஊர்க் கோயில் திருவிழாக் கச்சேரி மாதிரியேதான், சுண்டல் மட்டும் இல்லை. முதல் அரைமணி நேரம் எனக்குக் காது வலித்தது, உண்மையைச் சொல்கிறேன். பிறகு டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவே ஏதோ ஒரு கணக்கு ஓடுவது பிடிபட்டது. அதைப் பிடித்துக் கொண்டதும் மேலே நடக்கும் கூச்சல் கூச்சலாகத் தெரியவில்லை. கணக்குப்பிள்ளைக்கு எங்கே போனாலும் கணக்குத்தான்.

கூட்டத்தில் ஒருவரையொருவர் முட்டி மோதி ஆடுவது அந்த வகை இசையில் வழக்கம். அதில் சின்னப் பையன்களும் பெண்களும் நசுங்குவார்கள். ஃபுகாஸிக்கு அது பிடிக்காது. பாட்டை நிறுத்திவிட்டு, முட்டுகிறவனைப் பார்த்து, "ஐயா, தயவுசெய்து வேண்டாம்" என்று மரியாதையாகவே சொல்வார்கள். கேட்காவிட்டால் வெளியே கொண்டு போய், ஐந்து டாலரை ஓர் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்து அனுப்பி விடுவார்கள். அதற்கென்றே வேனில் உறைகள் தயாராக இருக்கும். சண்டை போட வந்தவன் கையில் உறையை வைத்துக் கொண்டு என்ன செய்வான், பாவம்!

விளம்பரம் என்று பார்த்தால் செய்யாததுதான் அதிகம். வீடியோ படம் எடுத்து டிவிக்குக் கொடுக்கவில்லை. சட்டை, தொப்பி விற்கவில்லை. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகைக்குப் பேட்டி என்றால், அந்த இதழில் சிகரெட், மது விளம்பரம் இல்லாமல் இருந்தால் தருகிறோம் என்று சொன்னார்கள். நடக்கிற காரியமா? ஆனால் ஏதோ ஓர் ஊரில் ஒரு பள்ளி மாணவன் நகலெடுத்து ஸ்டேப்ளர் அடித்து நடத்தும் கைப்பத்திரிகைக்கு மணிக்கணக்கில் பேட்டி கொடுப்பார்கள். தட்டின் உறையிலேயே, தபால் செலவு உட்பட இன்ன விலை, எங்களுக்கே எழுதி வாங்கிக் கொள்ளலாம் என்று அச்சடித்து விடுவார்கள். கடைக்காரன் கூட்டி விற்க முடியாது. வாங்குகிறவனுக்கு நேரே முகவரி தெரிந்துவிடுகிறது. இடைத்தரகரைச் சுருக்குவது என்று பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் எழுதியிருப்பார்கள். இவர்கள் ஒரே வரியில் முடித்து விட்டார்கள்.

1991-ல் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' வந்து லட்சக்கணக்கில் விற்றதும் பெரிய கம்பெனிகள் எல்லாம் பணப்பையோடு இந்த மாதிரிக் குழுக்களைத் தேடி அலைந்தன. 1993-ல் ஃபுகாஸி நியூயார்க்கில் வாசித்தபோது அட்லாண்டிக் கம்பெனியை நிறுவிய அகமத் எர்டெகுனே மேடைக்குப் பின்னால் வந்து கூப்பிட்டுப் பார்த்தார். ரே சார்ல்ஸை வளர்த்து விட்ட மனிதர் அவர். சாதாரண ஆள் இல்லை. மரியாதையாகப் பேசி, வேண்டாம் என்று அனுப்பி விட்டார்கள். அந்த வருஷம் வெளியான 'இன் ஆன் தி கில் டேக்கர்' தொகுப்பு, கம்பெனி பலம் ஒன்றுமில்லாமலே பில்போர்டு பட்டியலில் 153-வது இடத்தில் நுழைந்தது.

அந்தத் தொகுப்பை முதலில் சிகாகோ போய் ஸ்டீவ் அல்பினியிடம் பதிவு செய்தார்கள். அவர் பெரிய ஒலிப்பதிவாளர், 2024-ல் காலமானார். ஊருக்கு வந்து கேட்டால் இவர்களுக்கும் திருப்தி இல்லை, அவருக்கும் திருப்தி இல்லை. மொத்தத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஆர்லிங்டனில் டான் சியன்டாராவின் இன்னர் இயர் கூடத்தில் முதலிலிருந்து மறுபடி பதிந்தார்கள். செலவு தங்கள் காசு, அதனால் ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

அந்த அல்பினி 1993-ல் 'தி பாஃப்ளர்' என்ற இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வணிகவியல் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஒரு கற்பனைக் குழு. நல்ல முன்பணம் வாங்கிக் கொண்டு பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போடுகிறது. இரண்டரை லட்சம் பிரதி விற்கிறது. அப்புறம் அவர் வரிவரியாகக் கழிக்கிறார்: ஒலிப்பதிவு, வீடியோ, மேனேஜர், வக்கீல், சுற்றுப்பயண பஸ். கடைசியில் கம்பெனிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து முப்பது லட்சம் டாலருக்கு மேல் லாபம். குழு உறுப்பினர் ஒருவருக்கு மிஞ்சியது நாலாயிரம் டாலர் சொச்சம். பலசரக்குக் கடையில் நின்றிருந்தால் மூன்று மடங்கு சம்பாதித்திருப்பான். போதாததற்கு கம்பெனிக்கு இன்னும் பாக்கி வேறு. ஏனென்றால் முன்பணம் என்பது சம்பளம் இல்லை, கடன். உங்கள் பங்கிலிருந்து அது முழுக்கக் கழிந்த பிறகுதான் உங்களுக்கு முதல் பைசா.

இவர்களைப் பெரிய ஞானிகள் என்று நான் சொல்ல வரவில்லை. நண்பர் அப்படித்தான் சொல்வார். எனக்கு ஒப்புதல் இல்லை. இயன் மெக்கேயின் தகப்பனார் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையாளர். விழுந்தால் தாங்கிக் கொள்ள வீடு இருந்தது. சம்பாதித்துத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிற பையனுக்கு ஐந்து டாலர் டிக்கெட் சரிப்படுமா என்பது வேறு கேள்வி. ஊருக்கு ஊர் தொலைபேசிக் கட்டணமும் பெட்ரோலும் மலிவாக இருந்த நாடு அது. சட்டை விற்பதில் என்ன பாவம் இருக்கிறது என்றும் எனக்கு விளங்கவில்லை. விற்றிருந்தால் நானே ஒன்று வாங்கியிருப்பேன்.

2001 அக்டோபரில் 'தி ஆர்க்யுமென்ட்' வந்தது. அவர்கள் போட்டதில் எனக்குப் பிடித்தது அதுதான், காதும் வலிக்காது. 2002 நவம்பர் 4-ம் தேதி லண்டனில் கடைசியாக வாசித்தார்கள். குடும்பம், குழந்தை என்று ஆன பிறகு முன்னைப் போல மாதக்கணக்கில் அலைய முடியாது. அரைகுறையாகச் செய்வதில் இஷ்டமில்லை. பிரிந்து விட்டோம் என்று சொல்லவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார்கள்.

கூட வந்த ஒலியமைப்பாளர்கள் கிட்டத்தட்ட ஒவ்வொரு நிகழ்ச்சியையும் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள், எண்ணூறுக்கு மேல். 2011 டிசம்பரிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக இணையத்தில் விற்பனைக்கு வைத்தார்கள். விலை என்ன தெரியுமா? ஐந்து டாலர். ஒரு டாலர் கொடுத்தாலும் சரி, நூறு கொடுத்தாலும் சரி, உங்கள் இஷ்டம் என்று ஒரு குறிப்பு. தங்கள் பாட்டு தங்கள் கையிலேயே இருந்ததால்தான் இதெல்லாம் முடிந்தது.

இதை ஏன் இங்கே வந்து சொல்கிறேன் என்று கேட்பீர்கள். காலையில் மரத்தடியில் டீ குடித்துக் கொண்டிருந்தபோது நம் கல்லூரி இசைக்குழுத் தம்பிகள் நாலு பேர் வந்து பேசினார்கள். சொந்தமாகப் பாட்டுக் கட்டி, மூன்று பாட்டு இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு கம்பெனி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறதாம். "சார், பதினெட்டுப் பக்கம், இங்கிலீஷ், ஒண்ணும் புரியலை, திங்கட்கிழமைக்குள்ள கையெழுத்துக் கேக்கறாங்க" என்றார்கள்.

தம்பிகளா, நீங்கள் ஃபுகாஸி ஆக வேண்டாம். கம்பெனியோடு சேருங்கள், தப்பில்லை. ஆனால் நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் சில விஷயம் இருக்கிறது, காதில் போட்டுக் கொள்ளுங்கள். உரிமையை எத்தனை வருஷத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை என்றால் சட்டப்படி ஐந்து வருஷம்தான். எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும்தான். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பாட்டைப் பயன்படுத்தவில்லை என்றால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, உரிமை உங்களுக்கே திரும்பிவிடும். அதனால்தான் புத்திசாலிக் கம்பெனிகள் "நிரந்தரமாக, உலகம் முழுக்க" என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடும். உங்கள் தாளில் அந்த வார்த்தைகள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு; அதை விட்டுக் கொடுத்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. அப்படி ஒரு வரி அந்தப் பதினெட்டுப் பக்கத்தில் இருந்தால், எழுதியவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக் கொண்டிருக்கிறார். முன்பணம் எந்தக் கணக்கில் கழிகிறது, குழு உடைந்தால் பெயர் யாருக்கு, கணக்கைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டா, இந்த மூன்றையும் கேளுங்கள். நால்வரில் யார் பேரில் பாட்டு என்பதைக் கம்பெனியோடு பேசுவதற்கு முன் உங்களுக்குள் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அந்த வாஷிங்டன்காரர்கள் மாதிரி வாய்ப்பேச்சில் விட எனக்குத் தைரியம் கிடையாது.

என் ரயில் ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு. சாப்பாடு முடிந்ததும் அந்தத் தாள்களை எடுத்துக் கொண்டு விடுதி வராந்தாவுக்கு வாருங்கள். மூக்குக் கண்ணாடியும் சிவப்புப் பேனாவும் கையோடு இருக்கிறது.